ஒரு நாள் மூத்தவள்

மார்ச் 4, செவ்வாய்

நீச்சல் சங்கத்திலிருந்து புகார். ஒரு சிறுமியின் பிறந்த தேதி ஜூலை 1. எங்கள் பதிவு மென்பொருள் ஜூன் 30 என்று காட்டுகிறதாம். ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்கள் பத்து வயதுப் பிரிவில் சேர முடியாது. அதனால் பெண்ணை அடுத்த வயதுப் பிரிவில் தள்ளிவிட்டது. என் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன். ஜனவரி 19. அப்படியே வந்தது. "தேதியைச் சரியாக உள்ளிடவும்" என்று பதில் எழுதிப் புகாரை மூடினேன்.

மார்ச் 6, வியாழன்

அதே புகார். அதே பதில்.

மார்ச் 10, திங்கள்

சிறுமியின் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். பேருந்து ஓட்டுநர், சீருடையோடு. பிறப்புச் சான்றிதழை என் மேசையில் வைத்தார்.

"நான்தாம்மா பெத்தேன். எந்த நாள்னு எனக்குத் தெரியாதா?"

என் கண்ணெதிரே ஜூலை 1 என்று அடித்தார். சேமித்தார். ஜூன் 30. மறுபடி அடித்தார். ஜூன் 30.

"இப்ப என்ன சொல்றீங்க?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

தொடர் நீச்சலுக்கு நான்கு பிள்ளைகள் இரண்டு வருடமாகச் சேர்ந்து பழகுகிறார்களாம். இவள் இல்லாவிட்டால் மற்ற மூவரும் கரையில்தான். போட்டி 22-ஆம் தேதி. பெயர்ப் பட்டியல் 14-ஆம் தேதி மூடிவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

மாதத்துக்கு ஒரு தேதியாகப் போட்டுப் பார்த்தேன். குளிர்காலத் தேதிகள் சரி. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை எல்லாமே ஒரு நாள் முன்னால்.

கோடைக் கடிகாரம். கோடையில் இந்த நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறது அல்லவா, அதுதான். எங்கள் மென்பொருள் பிறந்த தேதியை 'அந்த நாள் நள்ளிரவு பன்னிரண்டு மணி' என்று சேமிக்கிறது. திரும்ப எடுத்துக் காட்டும்போது கோடைக்கான ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுகிறது. பன்னிரண்டில் ஒன்று போனால் முந்தைய நாள் இரவு பதினொன்று. நான் ஜனவரியில் பிறந்தவள். எனக்கு எப்படித் தெரியும்?

பிறந்த தேதிக்கு மணி எதற்கு? எந்தப் புண்ணியவான் எழுதியது?

"தாடியாத்தான் இருக்கும்" என்றார் மேலாளர். தாடி போன வருடமே வேலையை விட்டுப் போய்விட்டவர். அன்றிலிருந்து எல்லாப் பிழைகளும் அவருடையவை.

மார்ச் 12, புதன்

எந்த வரியை யார் எழுதியது என்ற பதிவைத் திறந்தேன். ஆறு வருடத்துக்கு முன். என் பெயர். சரிபார்த்தவர் தாடி. "இங்கே மணி தேவையா?" என்று கேட்டிருக்கிறார். "தேவை" என்று நான் எழுதியிருக்கிறேன்.

சொல்லணுமா? யாரும் கேக்கலையே. தாடிக்கு இதுல என்ன நஷ்டம் — அவர் இங்க இல்லவே இல்ல. திருத்திட்டு வாயை மூடிட்டு இருந்தா —

கணவரிடம் சொன்னேன். "'தப்பு பண்ணேன்'னு நீ சொல்லி நான் கேட்டதே இல்ல. எப்படி இருக்கும்னு ஆசையா இருக்கு" என்றார். உதவியாக இல்லை.

மார்ச் 13, வியாழன்

திருத்தியாயிற்று. இனி தேதி வெறும் தேதி. 4,112 பேருக்கு ஒரு நாள் வயது குறைந்தது.

காலைக் கூட்டத்தில், "அது தாடி இல்ல. நான்" என்றேன். மேலாளர் பட்டியலில் ஒரு கோடு போட்டார். "சரி, அடுத்தது" என்றார். அவ்வளவுதான். இதற்கா ராத்திரி முழுக்கப் புரண்டேன்?

ஓட்டுநரம்மாவுக்குப் போன் செய்தேன். தப்பு என்னுடையது என்றேன்.

"மொதப் புகாருக்கே சொல்லியிருந்தா எனக்கு அரை நாள் லீவு மிச்சமாயிருக்கும்."

"ஆமாங்க."

"இருபத்திரண்டாந்தேதி பத்து மணிக்கு. வர்றதுன்னா வாங்க" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 22, சனி

போனேன். குளோரின் வாடை, ஈரத் தரை. நான்கு பெண்களுக்கும் ஒரே தொப்பி. எது அவள் என்று கடைசிவரை தெரியவில்லை. ஏழு அணிகளில் ஐந்தாவதாக வந்தார்கள். வென்றவர்களைவிட அதிகமாகக் குதித்தார்கள்.

ஓட்டுநரம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். போய் உட்கார்ந்தேன்.