கோழிக்கூடும் பக்கத்து வீட்டுப் பூனையும்

8 ஜூலை 2025, செவ்வாய்

குஞ்சு ஏழுதான். நேற்று மாலை கூட்டைச் சாத்தியபோது ஒன்பது. இரண்டு முறை எண்ணினேன். தாய்க்கோழியின் இறக்கையைத் தூக்கியும் பார்த்தேன். விரலில் கொத்து வாங்கியதுதான் மிச்சம்.

கூட்டை வழக்கம்போல் நான்கு வாளித் தண்ணீரும் பினாயிலும் விட்டுக் கழுவினேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை கழுவியதே இல்லை. சாம்பலைத் தூவிவிட்டு வந்துவிடுவார். அந்த அழுக்கைப் பார்க்கப் பொறுக்காமல் நான் கொல்லைப் பக்கமே போகமாட்டேன். அவர் மௌத்தான பிறகு துக்கம் காக்கும் இத்தாவில் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்தபோதுதான் கோழிகள் என் கைக்கு வந்தன. இன்றைக்கு என் கதவுச் சத்தம் கேட்டு ஓடி வருகிற ஜீவன்கள் இவை மட்டும்தான்.

பாலக்கரையிலேயே இவ்வளவு சுத்தமான கூடு இருக்காது.

10 ஜூலை, வியாழன்

பக்கத்து வீட்டுக் கலைமதி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை.

“அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. வீடு பூரா ஈ. பாப்பாவுக்கு வயித்தால போறது நிக்கவே மாட்டேங்குது. ஈ மொய்க்காம பாத்துக்கங்கன்னு டாக்டரம்மா சொல்றாங்க.”

“என் கொல்லைத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஈ இங்கிருந்து வர வழியில்லை” என்றேன்.

உள்ளேயிருந்து அவள் கணவன் முருகானந்தம், “ஒரு மாசம் பாப்போம். அப்புறம் கார்ப்பரேஷன்ல மனு குடுத்துக் கோழியெல்லாம் தூக்கச் சொல்லிடுவேன்” என்றான். என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னான்.

இவன் யார் என் கோழிகளைத் தூக்க? நாளை முதல் இரண்டு வேளையும் கழுவ வேண்டும்.

12 ஜூலை, சனி

ஆறு.

13 ஜூலை, ஞாயிறு

ஐந்து. மதில்மேல் கலைமதியின் பூனை உட்கார்ந்திருக்கிறது. வெள்ளையில் சாம்பல் திட்டு. பார்வை என் கூட்டின்மேல். விரட்டினாலும் அசையவில்லை.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கடிதம் எழுதினேன். ‘தங்கள் விலங்கு என் குஞ்சுகளைத் தின்று வருகிறது. தாமதமின்றி அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ அடித்தல் திருத்தல் இல்லை. கான்வென்டில் படித்தபோது கடிதம் எழுதச் சொன்னால் என்னுடையதைத்தான் சிஸ்டர் வகுப்பில் வாசித்துக் காட்டுவார்.

மதில் வழியாகக் கொடுத்தாயிற்று.

15 ஜூலை, செவ்வாய்

பூனையைக் காணோம். ஐந்து குஞ்சும் இருக்கின்றன.

16 ஜூலை, புதன்

கலைமதியின் முகம் அழுது வீங்கியிருந்தது. “உங்க லெட்டரப் படிச்சதும் அவரு பையில போட்டுக் கட்டி முக்கொம்பு ஆத்தங்கரையில அவுத்து விட்டுட்டு வந்துட்டாரு. இப்ப திருப்திங்களா?”

“நன்றி” என்றேன்.

19 ஜூலை, சனி

காலையில் திறந்தால் இரண்டு குஞ்சுதான். மூன்று ஒரேயடியாகப் போய்விட்டன. தீவன மூட்டையின் அடியில் ஓட்டை. நொய் தரையெல்லாம் சிதறிக் கிடக்கிறது.

பூனைதான் இல்லையே. பிறகு யார்?

ஷார்ஜாவிலிருந்து மகன் ஹாலித் பேசினான். “வித்துத் தொலைங்கம்மா. முட்டை கடையில கிடைக்காதா?” முட்டைக்காகவா வளர்க்கிறேன் என்று கேட்க நினைத்தேன். என் போனுக்கு ரீசார்ஜ் ஆயிற்றா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

கலைமதியின் அம்மா காளியாயி, பேத்தியைப் பார்க்க லால்குடிப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருக்கிறாள். கேட்காமலே கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

“என்னங்க ஹாலித்தம்மா, கோழி வளக்குறீங்களா, நாத்து விடுறீங்களா?”

“சுத்தம் செய்கிறேன்.”

“தண்ணிய ஊத்தி ஊத்தி ஈயத்தான் வளக்குறீங்க.” கூட்டோரத்து வைக்கோலைக் காலால் புரட்டினாள். மேலே பார்க்க ஒன்றுமில்லை. அடியில் ஊறிப்போன எச்சம். அதில் புழு, கொத்துக் கொத்தாக நெளிந்துகொண்டு.

பிறகு மதிலடியில் குனிந்தாள். கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போக, போன மாதம் கொத்தனாரை வைத்து நானே போட்ட துவாரம். அதன் வாயில் குஞ்சு இறகு ஒட்டியிருந்தது, சேற்றில் கால்தடம்.

“பெருச்சாளி. சாக்கடையிலேர்ந்து அதுக்கு நேரா வாசல் வச்சுக் குடுத்திருக்கீங்க.” மதில்மேல் கையைக் காட்டினாள். “பூனை கோழியப் பாக்கலீங்க. இந்த ஓட்டையத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். அது இருந்தவரைக்கும் ஒண்ணு ரெண்டுதான் போச்சு. அது போனதும் பாருங்க.”

எலி மருந்து வைக்கலாமா என்று மட்டும் கேட்டேன்.

“செத்த எலியக் கோழி கொத்தும். அப்புறம் கோழிக்கும் சேத்துக் குழி வெட்டணும்.”

அவள் போன பிறகு வைக்கோலை நானே அள்ளினேன்.

அவர் சாம்பல்தான் போட்டார். இருபது வருஷம். ஈ இருந்ததா? இல்லையே. ஏன் தூவுறீங்கன்னு ஒரு நாளாவது கேட்டேனா? அழுக்கு, அழுக்குன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அந்தப் பச்சப்புள்ள வயித்தால போயிக் கெடந்துச்சே — என் வீட்டு ஈயா அது? யா அல்லாஹ்.

23 ஜூலை, புதன்

துவாரத்தைக் கண்ணாடிச் சில்லு கலந்த சிமென்டால் அடைத்தாயிற்று. காந்தி மார்க்கெட் பக்கம் போய் அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலை வாங்கினேன். கோழி வலை என்று கடைக்காரர் முதலில் காட்டியதில் எலி தாராளமாக நுழையும். தீவனம் இனி மூடி போட்ட தகர டின்னில். கோழி தின்ற மிச்சத்தை அந்தி மஃரிபுக்கு முன் எடுத்துவிட வேண்டும். தரைக்கு மரத்தூளும் சாம்பலும். எச்சத்தைத் தினமும் உலர்வாக அள்ளிச் சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது.

வாளியைப் பார்த்தால் கை துறுதுறுக்கிறது.

31 ஜூலை, வியாழன்

ஈ அடங்கிவிட்டது. குழந்தைக்கும் வயிறு சரியாம். முருகானந்தம் வாசலில் பார்த்து, “மனுவெல்லாம் ஒண்ணும் வேணாங்க, விடுங்க” என்றான். ஆக, கோழிகள் என்னோடுதான்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. கலைமதி இப்போதெல்லாம் மதில் பக்கம் வருவதே இல்லை. துணிகூட மாடியில் காயப்போடுகிறாள்.

அந்தக் கடிதத்தைக் கிழித்திருப்பாளா, வைத்திருப்பாளா?

2 ஆகஸ்ட், சனி

“அந்தப் பூனைக்குப் பேர் என்ன?” என்று காளியாயியிடம் கேட்டேன்.

“எதுக்குங்க?”

அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டு, “லட்டு” என்றாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு என்பது மறந்தே போயிற்று. முக்கொம்பில் கால் வைக்க இடமில்லை. தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. புதுத் தாலிக்கயிறு கட்டிக்கொள்கிறவர்கள், புளியோதரைத் தூக்கோடு குடும்பங்கள். நடுவில் நான் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து, “லட்டு, லட்டு.”

தெருவில் குரலை உயர்த்தி நான் யாரையும் கூப்பிட்டதில்லை. பெற்ற பிள்ளையைக்கூட.

“பேத்தியத் தொலைச்சுட்டீங்களா பாட்டி? மைக்குல சொல்லச் சொல்லட்டா?” என்று போலீஸ்காரப் பெண் ஓடி வந்தாள். பூனை என்றேன். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு. மீன் வறுக்கிற கடைகளுக்குப் பின்னால் நிறையப் பூனை திரியும், பலரும் இங்கேதான் கொண்டுவந்து விடுகிறார்கள், கூட்டம் குறைந்த நாளில் வாருங்கள் என்றாள்.

6 ஆகஸ்ட், புதன்

மறுபடி போனேன். மீன் கடைகளுக்குப் பின்னால் பதினோரு பூனை. வெள்ளையில் சாம்பல் திட்டு உள்ளவை மூன்று. கூப்பிட்டால் ஒன்றும் திரும்பவில்லை. அருகில் போனால் ஓடுகின்றன. எது அது என்று எப்படித் தெரியும்? மதில்மேல் இருந்ததை அன்று அவ்வளவு முறைத்துப் பார்த்தேன். முகம் நினைவில் இல்லை.

9 ஆகஸ்ட், சனி

சாயங்காலம் அஸருக்குப் பிறகு கலைமதி வந்தாள். மதில் பக்கம் அல்ல, வாசல் வழியாக.

“முக்கொம்புல நின்னு லட்டு லட்டுன்னு கத்துனீங்களாமே. ஆடிப்பெருக்குக்குப் போன அம்மா பாத்துட்டு வந்து சொன்னாங்க.”

“கத்தவில்லை. கூப்பிட்டேன்.”

அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“நான் எழுதியது தப்பு, கலைமதி. உன் பூனைமேல் தப்பில்லை. ஈயும் என் வீட்டு ஈதான்.” இதைச் சொல்ல இத்தனை நாள்.

முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, கோபம் முழுதும் போகாத குரலில், “பேரச் சொன்னா அது திரும்பாதும்மா. அது சாப்புடுற தட்டக் கரண்டியால தட்டணும்” என்றாள்.

நாளைக் காலை ஏழரை மணி பஸ். தட்டும் கரண்டியும் அவள் எடுத்து வருவாள். மீன் நான் வாங்குகிறேன்.