முழுசாக நட வேண்டிய காய்

கோஸ்கோமத்தேபெக்,
பிப்ரவரி 9

என் கண்ணு நியெவெஸுக்கு,

இங்கே நான் சௌக்கியம், சாரலும் பனியும் மாறி மாறி வந்தாலும் முழங்காலைத் தவிர வேறெதுவும் முனகவில்லை, நீ அங்கே லாஸ் ஏஞ்சலஸில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கக் குவாதலூப்பே மாதாவைக் கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சித்தப்பா போனில் சொன்னபடி சௌசௌவைத் தோல் சீவி, பிளந்து, கொட்டையை எடுத்து வெயிலில் காயவைத்து மூன்று தடவை நட்டேன், மூன்றும் அழுகிப்போனது, ஊரை விட்டு வந்தவளை மண்ணுக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது, வாளிகளைத் தூக்கிப் போட்டுவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அடிப் பாவி மகளே, அதைப் படித்துவிட்டு அடுப்பில் பீன்ஸ் தீய்ந்தது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உன் கையில் ஒரு குறையும் இல்லை. சௌசௌ முழுக்காயாக நட வேண்டியது. கொட்டையைக் காயவைத்து நடச் சொன்னது உன் சித்தப்பா எலெயுத்தேரியோ, ஆனால் அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். கத்தாதே, முழுசாகப் படி.

உன் அப்பா இறந்த ஒன்பதாம் நாள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோதே உன் சித்தப்பா கல்லும் சிமெண்டும் இறக்கியதை நீயும் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாய். மறுவாரமே அப்பா கட்டிய சௌசௌப் பந்தலைப் பிரித்தெறிந்து சுவர் எழுப்பினான், கொல்லை முழுக்க அவன் பக்கம், எனக்குத் துவைக்கிற கல்லும் அதைச் சுற்றிச் சிமெண்டுத் தரையும். போதாததற்குச் சுவர் மேலே கையை ஊன்றிக்கொண்டு, "சிமெண்டுல என்ன மதினி மொளைக்கும், உங்க தலைமுடியா?" என்றான். அன்றைக்கு என் வயிறு எரிந்தது இன்னும் அணையவில்லை, அணைக்கவும் போவதில்லை. அப்பா இருந்தவரை நான் ஒரு விதை ஊன்றியதில்லை, அறுபது வயதில் பெயிண்ட் வாளிக்கு ஆணியால் ஓட்டை போட்டு ஆரம்பித்தேன். முள்ளங்கி இருபத்தேழாம் நாள் கைக்கு வந்தது, முதல் முள்ளங்கியை அவன் பார்க்கும்படி சுவரோரமாக நின்று நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றேன். பிறகு ஒரு சௌசௌவை வாளியில் வைத்தேன், அது சுவரேறி அந்தப் பக்கம் இறங்கிக் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. அந்தப் பக்கம் தொங்கினால் அந்தப் பக்கத்துக்காரனுக்கு என்பதுதான் நம் ஊர் வழக்கமாயிற்றே, என் காயில் ஒன்றை அவன் என்னிடமே கொண்டுவந்து, "இந்தாங்க மதினி, எங்க வீட்டுக் காய்" என்று நீட்டினான். வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் அவன், கொல்லை முழுக்கச் சௌசௌ போடலாம்னு இருக்கேன், எப்படி நடுறதுன்னு கேட்டான். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன், அவன் பெண்டாட்டி ஒப்துலியா துறைமுகத்துக்காரி, இரண்டு பேருக்கும் மண் தெரியாது. நம் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்குக் கூடத் தெரிந்ததை வெளியே கேட்க வெட்கம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சீவு, பிள, காயவை என்று சொன்னேன்.

இந்த மாதம் இரண்டாம் தேதி காந்தெலாரியாத் திருநாள் பூசைக்கு எல்லோரும் விதை மந்திரிக்கக் கொண்டுவந்தார்களா, தட்டுத் தட்டாய்ச் சோளம், பீன்ஸ், முளைவிட்ட முழுச் சௌசௌ. அவன் பித்தளைத் தட்டில் வெள்ளைத் துணி விரித்து அறுபது காய்ந்த கொட்டையை வரிசையாக அடுக்கிக்கொண்டு முதல் வரிசையில் நின்றான். சாமியார் தீர்த்தத்தைத் தெளிக்கப் போன கையை அப்படியே நிறுத்தி, "இது என்னப்பா, முந்திரியா?" என்றார். கோயிலே சிரித்தது நியெவெஸ், மாதா மன்னிக்கட்டும், நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "மதினிதான் சொன்னாங்க" என்று என்னைக் காட்டினான். "ஐயோ கொழுந்தனாரே, அது வறுத்துத் திங்கிறதுக்குத்தானே சொன்னேன்" என்றேன். மூன்று நாள் எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது, நாலாம் நாள் உன் கடிதம். நான் தோண்டிய குழியில் நீ விழுந்து கிடக்கிறாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் மகளே, உன்னிடம் மட்டும். அவனிடம் கேட்க மாட்டேன், சுவர் நிற்கிற வரை கேட்க மாட்டேன்.

வாளிகளைத் தூக்கிப் போடாதே. முதலில் முள்ளங்கி போடு, சீக்கிரம் வந்து உன் மனசைத் தேற்றும், அதை இருக்கிற இடத்திலேயே விதைக்க வேண்டும், பிடுங்கி மாற்றி நட்டால் கிழங்கு கோணிக்கொண்டு போகும். கொத்தமல்லி விதையை உள்ளங்கையில் வைத்து இரண்டாக உடையும்படி தேய்த்துத் தூவு, உச்சி வெயிலில் வைக்காதே, பூத்துவிடும். பருப்புக்கீரைத் தண்டு சந்தையில் வாங்கினால் நாலு தண்டைச் சமைக்காமல் எடுத்து ஊன்றிவிடு, நீ மறந்தாலும் அது உன்னை மறக்காது. குத்துப் பீன்ஸ் போடு, கொடிப் பீன்ஸ் இப்போது வேண்டாம். மண்ணில் விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்று, நீ சின்ன வயதில் கோழிக்கே தண்ணீர் கொடுத்துக் கொன்றவள். சௌசௌவை மட்டும் கடைசியில் வை. முற்றின காய், கீறல் இல்லாமல், சமையலறை மூலையில் போட்டுவை, அகன்ற பக்கம் நாக்கு நீட்டும், நீட்டியதும் பெரிய வாளியில் முளை கீழே சாய்ந்திருக்கும்படி முக்கால்வாசி புதைத்துவிடு, கத்தியை அதன் பக்கமே கொண்டுபோகாதே. அங்கே சுவர் இருந்தால் சுவரோரமாக வைக்காதே, நடுவில் கயிறு கட்டி ஏற்று.

மாதா உன் கையை ஆசீர்வதிக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துளிர்க்கட்டும். முதல் முளை வந்த அன்றைக்கே எனக்கு எழுது, அதுவரை எனக்குச் சோறு இறங்காது. இன்னொன்று, இனிமேல் சித்தப்பா போனில் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் சரி சரி என்று கேட்டுக்கொள், ஆனால் நட்டுவிடாதே. ஊரில் வேறு யாரைக் கேட்டாலும் சிரிக்கிறார்களாம், நேற்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, முள்ளங்கியாவது எப்படிப் போடுறதுன்னு சொல்லுங்க மதினி என்றான். பாவமாகத்தான் இருந்தது. முதலில் நாற்று விடு, பிறகு பிடுங்கி, வேர் நுனியைக் கிள்ளி மாற்றி நடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை மட்டும் ஏமாற்ற நினைக்காத அம்மா
கிரெசென்சியா