ஒட்டிப்போன பக்கம்

நீ இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குக் கீரமங்கலம் வந்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் உன் தங்கச்சி உன் பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்துருண்டை வாசம் மூக்கைத் துளைத்தது. "இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு அக்கா சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றாள். வாங்கும்போதே என் மனசு கேட்டது: ஏன் சொன்னாய்? எதிலும் சந்தேகம், நான் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் நாம் போட்ட நாடகத்தின் வசன நோட்டு அது. மகளின் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் ஒரு தாயின் கதை. தாய் வேடம் முதலில் உனக்குத்தான் கிடைத்தது. போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் என்னிடம் வந்தது. "பேச முடியாட்டி என்ன, திரைக்குப் பின்னாடி நின்னு குசுகுசுன்னு வசனம் எடுத்துக் குடு" என்று தமிழம்மா உன் கையில் நோட்டைத் திணித்தார். சரிங்கம்மா என்று உடனே வாங்கிக்கொண்டாய். இவ்வளவு சுலபமாகவா என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

புதுக்கோட்டையில் மாவட்டப் போட்டி. கல்யாணக் காட்சியில் எனக்கு வசனம் மறந்துபோனது. திரைப்பக்கம் காதைக் கொடுத்தேன். நீ சொன்னதை அப்படியே சொன்னேன்: "எல்லாரும் நல்லாயிருங்க, எம் மக இனிப் படிக்கப் போறா." அது நாடகத்தின் கடைசி வரி. தாய் அழுது வாதாடும் இரண்டு பக்கம் முழுக்கப் போய்விட்டது. கல்யாணம் ஏன் நின்றதென்று மணப்பெண்ணுக்கே தெரியவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "வேணும்னுதானே பண்ணுன?"

"பக்கம் ஒட்டிக்கிருச்சுடி, சத்தியமா."

"நோட்டக் காட்டு."

"தமிழம்மாகிட்ட குடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவேயில்லை. என் கல்யாணத்தில் நீ என் புடவையை மெச்சியபோதுகூட, உண்மையாகத்தான் சொல்கிறாளா என்று உன் முகத்தை ஆராய்ந்தேன். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது "என்னடி அப்புடிப் பாக்குற?" என்றாய். ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். அந்த இரண்டு பக்கங்களும் ஓரத்தில் ஒட்டித்தான் இருந்தன. உடனே என்ன செய்தேன் தெரியுமா? பசை பழசா புதுசா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தமிழம்மாவிடம் கொடுத்த நோட்டு உன் பெட்டிக்கு எப்படி வந்தது என்றும் யோசித்தேன். என்மேலேயே எனக்குச் சீ என்றிருந்தது. ஆனாலும் சுரண்டினேன்.

இப்போது நானும் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். திரைக்குப் பின்னால் யாரையும் வசனம் சொல்ல நிறுத்துவதில்லை. பயிற்சி அவ்வளவு கறார் என்று மற்ற டீச்சர்கள் பாராட்டுகிறார்கள். காரணம் நீ. போன வாரம் ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை வசனம் மறந்து நின்றாள். முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தேன். நானே எழுதிய வரி, எனக்கும் வரவில்லை.

மேடையிலிருந்து இறங்கி வந்து, "ஏன் மிஸ் சும்மா இருந்தீங்க? என்னைய ஒங்களுக்குப் புடிக்காதா?" என்றாள்.

"இல்லம்மா, எனக்கும் மறந்துபோச்சு."

"சரிங்க மிஸ்" என்று போய்விட்டாள். அவள் நம்பவில்லை.

நான் சொன்னது முழு உண்மை. அதைக் காட்ட என் கையில் ஒன்றுமில்லை. இந்த ஒரு வாரத்துக்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ எப்படியடி இருபத்திரண்டு வருஷம் என்னோடு பழகினாய்? உன்மேல் சந்தேகம் தீர்ந்துவிட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை வகுப்பில் என்னை முறைக்கும்போதெல்லாம், நீ என்னிடம் பேசியதுபோலவே, எதுவும் நடக்காத மாதிரி அவளிடம் பேசுகிறேன்.