எனக்கு மகள் இல்லை என்றேன்

மகளுக்கு,

நாங்கள் நலம். இதைக் கொண்டுவரும் கம்பளி வியாபாரியை முப்பது வருடமாகத் தெரியும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

போன வாரம் ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். நம் திபெத்திய மொழியைத் தடுமாறாமல் பேசினார். அம்மா கொடுத்த வெண்ணெய்த் தேநீரில் மோதிர விரலை நனைத்து, நம் வழக்கப்படி மூன்று முறை மேலே சுண்டிவிட்டே குடித்தார். அதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு தப்பும் இல்லாத விடைத்தாள் வந்தால், யாரைப் பார்த்து எழுதினான் என்றுதான் வகுப்பில் முதலில் கேட்பேன்.

"எல்லைக்கு அந்தப் பக்கத்துல இருந்து உங்க மக அனுப்புனாங்க, ஐயா," என்றார்.

பக்கத்து வீட்டு டோல்கர் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "என்ன வாத்தியாரே, வெள்ளைக்கார மாப்பிள்ளையா?"

"எனக்கு மகளே கிடையாது," என்றேன்.

அவர் என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"நாலு வருஷம் கழிச்சு அவ சேதி வந்துச்சு. பெத்த பொண்ணையே இல்லேன்னுட்டீங்க," என்றாள் அம்மா. அதன்பின் என்னிடம் பேசவில்லை.

அவர் நீ அனுப்பியவர் என்றால், நான் சொன்னதை உன்னிடம் அப்படியே சொல்லியிருப்பார். நீ நம்பாதே. நீ அனுப்பாதவர் என்றால், காவல் நிலையத்தில் போய்ச் சொல்லியிருப்பார். அவர்கள் நம்பட்டும்.

அப்பா