விமானம் நிற்காத இடம்

மகன்,

உன் மகளின் கலியாணத்துக்கு நீ அனுப்பிய பிளேன் டிக்கட் கிடைத்தது. கொழும்புக்கு ஒரு மணித்தியாலம்தானாம். பஸ்ஸில் எட்டு மணித்தியாலம், என் முழங்கால் தாங்காது என்று எழுதியிருக்கிறாய். என் முழங்காலில் உனக்கு இப்போதுதான் அக்கறை வந்திருக்கிறது.

சண்டை முடிந்து பாதை திறந்துவிட்டது. நான் பஸ்ஸில்தான் வருவேன்.

கடல் கொண்டுபோன உன் அப்பாவுக்கு மெழுகுதிரி கொளுத்த எனக்கு ஒரு கரை இருக்கிறது. உன் தம்பிக்கு என்ன இருக்கிறது? அவனைச் சோதனைச் சாவடியில் ஆமி பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனபோது பக்கத்துச் சீற்றில் இருந்தவன் நீ. "டிரைவர் பஸ்ஸ எடுத்திட்டான், நான் என்னம்மா செய்யிற?" என்றாய். அந்தச் சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது.

டிக்கட்டைத் திருப்பி அனுப்புகிறேன். நீயே வந்து என்னைக் கூட்டிப்போ. அவனை இறக்கியது எந்த இடம் என்று நீதான் காட்டவேண்டும்.

உன்னையும் அவனையும் பெற்ற
அம்மா