"வலிக்கல சார்"

செவ்வாய்க்கிழமை, இரவு

நான் வேலை பார்க்கும் கே.கே. நகர் வீட்டு அக்காவுக்கு முழங்காலின் முன்பக்கம் வலி. இன்று டாக்டரிடம் துணைக்குப் போனேன். குத்தவைத்து உட்காரக் கூடாது, மண்டி போடக் கூடாது, அடிக்கடி மாடி ஏறக் கூடாது என்றார். நான் தினமும் செய்வது அதைத்தான். மூன்று மாதமாக எனக்கும் அதே இடத்தில் வலி. என்னை அறியாமல் முட்டியைத் தடவிவிட்டேன்.

டாக்டர் பார்த்துவிட்டார். "இந்த வயசுப் பொண்ணுகளுக்கும் வரும். உனக்கும் வலிக்குதாம்மா?"

அக்கா சிரித்தார். "இவளுக்கு என்ன டாக்டர், படிப்புதான் ஏறல, மாடி நல்லா ஏறுவா. ஏண்டி, வலிச்சா இப்பவே சொல்லிரு, வேற ஆளு பாத்துக்கிறேன்."

"வலிக்கல சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், மொட்டை மாடியில் துணி காயப்போடுவதும் வாசலில் கோலம் போடுவதும் இனி என் வேலை என்று சொல்லிவிட்டார். மாப் குச்சியால் தரையைத் துடைத்தால் மூலையில் அழுக்கு நிற்கிறதாம். துணியை வைத்துக் கையால்தான் துடைக்க வேண்டுமாம்.

சாயங்காலம் தரையில் மண்டி போட்டு அவர் காலுக்குத் தைலம் தேய்த்தேன்.

"நல்லா அழுத்துடி. முட்டி வலி எம்புட்டுக் கொடுமைன்னு ஒனக்கு எங்க தெரியப் போகுது."

"தெரியாதுக்கா" என்றேன்.