காரையா, களாவா

இன்று காலை பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு அம்மா களாக்காயைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். விரலில் பால் பிசுபிசுத்தது. வாங்காமல் வந்துவிட்டேன். பக்கத்துத் தறியில் நீ இருந்திருந்தால் ஒரு படி வாங்கியிருப்பேன்.

கார்த்திகையில், சேத்துப்பட்டு ரோட்டு ஏரிக்கரையில் அந்தப் புதரைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஆடு மேய்ந்து வெறும் முள்ளாக நின்றது. நான் காரை என்றேன். தேசூரில் பிறந்த நீ விடுவாயா? "களாடி. முள்ளப் பாத்தாலே தெரியல?" என்றாய். வாய்ச்சண்டை முற்றி, பூத்தால் தெரிந்துவிடும் என்று முடிந்தது. மஞ்சளாகப் பூத்தால் காரை, வெள்ளையென்றால் களா. கரை நெடுகப் புதர்கள் என்பதால், இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் பட்டிழையை நான் அதில் கட்டினேன். குடையோ தூக்குவாளியோ, நமக்கு எதற்கும் இழைதானே அடையாளம்.

தையில் போய்ப் பார்த்தால் புதர் சாமியாகியிருந்தது! குங்குமம், எலுமிச்சம்பழம், என் இழையைப் பார்த்து யார் யாரோ கட்டிய முப்பது நாற்பது மஞ்சள் கயிறு. களாவென்றால் பால் வருமே என்று நீ ஒரு தளிரைக் கிள்ளப் போனாய். கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த பெண் உன் கையைத் தட்டிவிட்டாள். "ஆத்தா குந்திகினு கீறா, கை வெக்கிற?" நாம் வீடு வரும்வரை சிரித்தோம்.

மாசியில் நீ வேலூரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். என்னைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான். "இன்னாடி, பூத்துச்சா?"

முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். வெள்ளை. மல்லிகை மாதிரி வாசனை வேறு. ஆனால் "மொட்டே வெக்கல" என்றேன்.

"சரி, நானே வந்து பாத்துக்கறேன்."

அதைப் பார்க்கவாவது நீ எழுந்து வருவாய் என்றுதான் அப்படிச் சொன்னேன். இது பாதி உண்மை. மீதிப் பாதி, உன்னிடம் தோற்க எனக்கு மனசு வரவில்லை. பங்குனி பிறக்கும் முன்பே நீ போய்விட்டாய்.

களாதான் என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்து என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருப்பாய். நர்ஸ் வந்து அதட்டியிருப்பாள். அப்படி ஒரு நாளை உனக்குத் தராமல் போனேனே என்று இன்னும் வலிக்கிறது.

ஜெயித்தவள் நீதான். அது தெரியாமலே போய்விட்டாய். தெரிந்த நான் இருக்கிறேன்.